பயன்சார் தொடர்பாடல் பயிற்சி

பயன்சார் தொடர்பாடல் பயிற்சி என்பது ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கமோ அறிவுத்திறன் குறைபாடோ உடையவர்களிடம் காணப்படும் கடுமையான நடத்தைகளைக் குறைப்பதற்குக் கையாளப்படும் ஒரு நடத்தைசார் முறையாகும். தலையைச் சுவரில் மோதுதல், கையைக் கடித்தல், பிறரை அடித்தல், பொருள்களை எறிதல் போன்ற செயல்களால் ஒருவருக்குக் கிடைத்துவரும் பயன் எதுவென்று முதலில் கண்டறியப்படுகின்றது. பின்னர் அதே பயனைப் பெறுவதற்கு ஒரு சொல்லோ சைகையோ படமோ கற்பிக்கப்படுகின்றது. அமெரிக்க உளவியலாளர்களான எட்வர்ட் கார், மார்க் டூரண்ட் ஆகியோர் 1985 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை மூலம் இம்முறை அறிமுகமானது. இது பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு என்னும் துறையைச் சேர்ந்ததாகும்.

அடிப்படைக் கருத்து

பேச்சு வராத சிறுவன் ஒருவனுக்கு ஆசிரியர் எழுத்துப் பயிற்சி அளிப்பதாகக் கொள்வோம். பாடம் கடினமாகும்போது அவன் தன் தலையில் அடித்துக்கொள்கின்றான். அஞ்சிய ஆசிரியர் புத்தகத்தை மூடிவிடுகின்றார். அடி நின்றுவிடுகின்றது. மறுநாளும் இதுவே நிகழ்கின்றது. அடித்துக்கொண்டால் பாடம் நிற்கும் என்பதைச் சிறுவன் கற்றுக்கொள்கின்றான். புத்தகத்தை மூடினால் அடி நிற்கும் என்பதை ஆசிரியரும் கற்றுக்கொள்கின்றார். இருவருடைய நடத்தையும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. இதனாலேயே இத்தகைய பழக்கங்கள் ஆண்டுக்கணக்கில் நீடிக்கின்றன. இதில் எவரையும் குற்றவாளி எனக் கூறுவதற்கில்லை.

விரும்பத்தகாத ஒன்று விலகுவதால் ஒரு நடத்தை மிகுவது உளவியலில் எதிர்மறை வலுவூட்டல் எனப்படும். விரும்பிய ஒன்று கிடைப்பதால் மிகுவது நேர்மறை வலுவூட்டல் எனப்படும். எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை எனப் பொருள்கொள்வது மாணவரிடையே பரவலாகக் காணப்படும் பிழையாகும். தண்டனை நடத்தையைக் குறைப்பது. வலுவூட்டல் இரண்டு வகையிலும் நடத்தையை மிகுவிப்பது.

மேற்கூறிய சிறுவனைத் தண்டித்தால் அடித்துக்கொள்வது ஒருவேளை நிற்கக்கூடும். ஆனால் பாடம் கடினமாக உள்ளது என்று தெரிவிக்க அவனிடம் இருந்த ஒரே வழியும் அடைபட்டுவிடும். அதற்கு மாறாக "உதவி" என்று காட்டும் ஒரு படத்தை அவன் கையில் கொடுத்து, அதைக் காட்டியவுடன் உதவினால், தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய தேவையே குறைகின்றது.

வரலாறு

பி. எஃப். ஸ்கின்னர் விலங்குகளிடம் கண்டறிந்த கற்றல் விதிகள், கடுமையான குறைபாடு உடையவர்களுக்கும் பொருந்தும் என்பதை முதலில் காட்டியவர்களுள் பால் ஃபுல்லர் ஒருவர். எதையும் கற்க இயலாதவர் என மருத்துவர்களால் கருதப்பட்ட 18 வயது இளைஞர் ஒருவர், வலக்கையை உயர்த்தும்போதெல்லாம் சர்க்கரை கலந்த பால் பெற்றார். சில அமர்வுகளில் அவர் கையை மேன்மேலும் உயர்த்தக் கற்றுக்கொண்டார். 1949 இல் வெளியான இச்சிறு கட்டுரையின் தலைப்பு அவ்விளைஞரைத் 'தாவர நிலையிலான மனித உயிரி' என்று குறிப்பிட்டது. அக்காலத்து மனப்பான்மைக்கு அதுவே சான்று.

1964 இல் மாண்ட்ரோஸ் வுல்ஃப், டாட் ரிஸ்லி, ஹேடன் மீஸ் ஆகியோர் மதியிறுக்கம் உடைய மூன்றரை வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினர். கண்புரை அறுவைக்குப் பின் அவன் கண்ணாடி அணியாவிட்டால் பார்வையை இழக்கும் நிலையில் இருந்தான். வெற்றுச் சட்டகத்தைக் கையில் எடுப்பதற்கே முதலில் பரிசு அளிக்கப்பட்டது. இவ்வாறு படிப்படியாகச் சென்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம் அவன் கண்ணாடி அணியும் நிலையை எட்டினான்.

இதே காலத்தில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஐவர் லோவாஸ் மதியிறுக்கம் உடைய குழந்தைகளுக்குப் பேச்சு கற்பிக்கலானார். பரிசுடன் அறைதல், உரத்துக் கத்துதல் ஆகியவற்றையும் அவர் பயன்படுத்தினார். 1965 இல் வெளியான அவரது கட்டுரையொன்று ஐந்து வயது இரட்டைச் சிறுவர்களிடம் மின்னதிர்ச்சி பயன்படுத்தப்பட்டதை விவரிக்கின்றது. குழந்தை ஏன் அவ்வாறு நடந்துகொள்கின்றது என்ற வினாவுக்கு அன்றைய நடைமுறையில் பெரும்பாலும் இடமிருக்கவில்லை. நடத்தையை நிறுத்துவதே நோக்கமாக இருந்தது.

அவ்வினாவை முறையாக எழுப்பியவர் எட்வர்ட் கார். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் நடத்தைக்கு ஒரே காரணம் இல்லை என்றும், கவனம் பெறுதல், வேலையிலிருந்து தப்புதல், புலனுணர்வு, உடல்நோய் எனக் காரணங்கள் வேறுபடலாம் என்றும் 1977 இல் வெளியான தமது திறனாய்வில் அவர் எடுத்துரைத்தார்.

பயன் பகுப்பாய்வு

காரின் கருதுகோள்களைச் சோதித்துப் பார்க்கும் வழியைப் பிரையன் இவாட்டாவும் அவருடைய குழுவினரும் 1982 இல் வெளியிட்டனர். பால்டிமோர் நகரில் நடைபெற்ற இவ்வாய்வில் தம்மைக் காயப்படுத்திக்கொள்ளும் ஒன்பது பேர் பங்குபெற்றனர். ஒவ்வொருவரும் 15 நிமிட அமர்வுகளில் நான்கு வெவ்வேறு சூழல்களில் வைத்துக் கவனிக்கப்பட்டனர். முதற் சூழலில் பெரியவர் படித்துக்கொண்டிருப்பார்; குழந்தை தன்னைத் தாக்கினால் மட்டும் அருகில் வந்து அக்கறையுடன் கண்டிப்பார். இரண்டாவதில் பாடம் நடைபெறும். தாக்கினால் 30 நொடிகள் பாடம் நிற்கும். மூன்றாவதில் குழந்தை விளையாட்டுப் பொருள்களின்றித் தனியே விடப்படும். நான்காவதில் விளையாட்டும் கவனமும் தாராளமாகக் கிடைக்கும், கட்டளைகள் இரா. பிற சூழல்களை ஒப்பிட இது அளவுகோலாக அமைந்தது. காயம் எல்லை மீறாதிருக்க மருத்துவக் கண்காணிப்பு இருந்தது. ஒன்பது பேரில் ஆறு பேருக்கு நடத்தை ஒரு குறிப்பிட்ட சூழலிலேயே மிகுந்து காணப்பட்டது.

இவாட்டா குழுவினர் 1994 இல் 152 பேருடைய பகுப்பாய்வுகளைத் தொகுத்து வெளியிட்டனர். அவற்றுள் 38.1 விழுக்காட்டினர் வேலையிலிருந்தோ வேறு விரும்பத்தகாத சூழலிலிருந்தோ தப்புவதற்காகவும், 26.3 விழுக்காட்டினர் கவனத்தையோ பொருளையோ பெறுவதற்காகவும், 25.7 விழுக்காட்டினர் பிறர் தொடர்பின்றி நடத்தையே தரும் புலனுணர்வுக்காகவும் அவ்வாறு செய்தனர். எஞ்சியோரிடம் பல காரணங்கள் கலந்திருந்தன அல்லது காரணம் தெளிவாகவில்லை. "கவனத்தை ஈர்க்கவே இப்படிச் செய்கிறான், கண்டுகொள்ளாதீர்கள்" என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுவதுண்டு. இத்தொகுப்பின்படி அவ்வறிவுரை பெரும்பாலோருக்குப் பொருந்தாது. தப்பிக்க முயலும் குழந்தையைக் கண்டுகொள்ளாமல் விட்டு விலகினால், அது வேண்டியதையே கொடுத்ததாகிவிடும்.

பள்ளிகளிலும் வீடுகளிலும் இத்தகைய சோதனை நடத்துவது எளிதன்று. அங்கு முன்நிகழ்வு, நடத்தை, பின்விளைவு ஆகிய மூன்றையும் சில நாட்கள் குறித்துவைத்துக் காரணத்தை ஊகிக்கும் முறையே வழக்கத்தில் உள்ளது. ஆனால் எப்பகுப்பாய்வுக்கும் முன்பு உடல்நலம் சோதிக்கப்பட வேண்டும். பல்வலி, காதில் சீழ், மலச்சிக்கல், மாதவிடாய் வலி ஆகியவற்றைச் சொல்ல இயலாத ஒருவர் கன்னத்திலோ காதிலோ அடித்துக்கொள்ளலாம். திடீரெனத் தொடங்கிய நடத்தை எனில் இவ்வையம் இன்னும் வலுப்பெறும். வலிக்கு மருந்து வேண்டுமேயன்றிப் பயிற்சி அன்று.

காரும் டூரண்டும் செய்த ஆய்வு

1985 ஆம் ஆண்டின் ஆய்வில் நான்கு சிறார் பங்குபெற்றனர். பாடம் கடினமாகும்போதா, ஆசிரியரின் கவனம் குறையும்போதா அவர்களிடம் இடையூறான நடத்தை மிகுகின்றது என்பது முதலில் கண்டறியப்பட்டது. பின்பு ஆசிரியரிடம் சொல்வதற்கு வாக்கியங்கள் கற்பிக்கப்பட்டன. பாடத்தின் கடினத்தால் துன்புற்றவருக்கு "எனக்குப் புரியவில்லை" என்னும் பொருளுடைய வாக்கியமும், கவனம் வேண்டியவருக்கு "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்னும் பொருளுடைய வாக்கியமும் கற்பிக்கப்பட்டன. முதலாவதைக் கேட்டதும் ஆசிரியர் உதவினார். இரண்டாவதைக் கேட்டதும் பாராட்டினார்.

ஒப்பீட்டுக்காக, தேவைக்குப் பொருந்தாத வாக்கியமும் கற்பிக்கப்பட்டது என்பதே இவ்வாய்வின் சிறப்பு. கவனம் வேண்டிய குழந்தை உதவி கேட்கக் கற்றபோது நடத்தையில் மாற்றம் ஏற்படவில்லை. பொருந்திய வாக்கியத்தைச் சொன்னபோதே நடத்தை பெரிதும் குறைந்தது. ஆகவே, ஏதோ ஒன்றைப் பேசக் கற்பதால் பயன் விளையவில்லை என்பதும், பழைய நடத்தையின் வேலையைப் புதிய சொல் செய்தாக வேண்டும் என்பதும் தெளிவாயின.

கற்பிக்கும் முறை

புதிய வழி பழைய வழியைவிட எளிதாக இருத்தல் வேண்டும். ஒரு முறை தலையில் அடித்தாலே வேலை நிற்கும் எனும்போது, ஐந்து சொற்கள் கொண்ட வாக்கியத்தைச் சொல்லும்படி கேட்பது வீண். பேச்சு வராதவர்களுக்குக் கைச்சைகை, படஅட்டை, ஒலி எழுப்பும் பொத்தான் முதலியவை பயன்படுகின்றன. ஆண்டி போண்டி, லோரி ஃபிராஸ்ட் ஆகியோர் 1985 இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் தொடங்கிய படப் பரிமாற்றத் தொடர்பாடல் முறையில், வேண்டிய பொருளின் படத்தைக் குழந்தை எடுத்துப் பிறர் கையில் கொடுக்கின்றது. சென்னையில் உருவாக்கப்பட்ட அவாஸ் என்னும் செயலி, படத்தைத் தொட்டால் சொல்லை ஒலிக்கின்றது.

தொடக்கத்தில் இரண்டு பெரியவர்கள் இருப்பது நல்லது. ஒருவர் எதிரில் இருந்து அட்டையைப் பெற்றுக்கொள்வார். மற்றவர் பின்னால் இருந்து குழந்தையின் கையை மெல்ல வழிநடத்துவார். குழந்தை தன்னை அடித்துக்கொண்ட பிறகு அட்டையை நீட்டச் செய்தால், அடித்தலும் நீட்டலும் ஒரே சங்கிலியாகக் கற்கப்பட்டுவிடும். எனவே அமைதியின்மையின் முதல் அறிகுறி தென்படும்போதே உதவ வேண்டும். தொடக்க நாட்களில் ஒவ்வொரு முறையும், சலிப்பூட்டும் அளவுக்கு அடிக்கடி கேட்டாலும், கேட்டது உடனே கொடுக்கப்படுகின்றது. பின்னிருந்து தரும் உதவி நாளடைவில் குறைக்கப்படுகின்றது.

எச்சொல்லை முதலில் கற்பிப்பது என்பது சிந்திக்கத்தக்கது. பெரும்பாலும் தின்பண்டத்தின் பெயரோ "வேண்டும்" என்பதோ முதலில் கற்பிக்கப்படுகின்றது. அது பெரியவர்களுக்கும் இனிமையானது. ஆனால் தப்பிப்பதற்காக அடித்துக்கொள்ளும் குழந்தைக்குத் தேவைப்படுவது "வேண்டாம்" அல்லது "போதும்" என்பதாகும். தமிழில் "போதும்" என்னும் ஒரு சொல்லே உணவுக்கும், வேலைக்கும், இரைச்சலுக்கும், அணைப்புக்கும் பொருந்துவதால் தொடக்கத்திற்கு மிக ஏற்றது. "வேண்டாம்" என்பது கீழ்ப்படியாமையாகக் கருதப்படும் வகுப்பறையில் இப்பயிற்சி பெயரளவில்தான் நடைபெற இயலும்.

இடர்ப்பாடுகள்

கேட்டதெல்லாம் எப்போதும் கொடுக்க இயலாது. எனவே "சற்றுப் பொறு" என்பதையும் கற்பிக்க வேண்டியுள்ளது. சில நொடிகளில் தொடங்கிக் காத்திருக்கும் நேரம் நீட்டப்படுகின்றது. அல்லது ஒரு வேலை, பின்பு இரு வேலைகள் முடிந்த பின் ஓய்வு அளிக்கப்படுகின்றது. பயிற்சி மிகுதியும் முறிவது இக்கட்டத்தில்தான். விரைந்து நீட்டினால் பழைய நடத்தை திரும்பிவிடுகின்றது. பள்ளியில் மதிக்கப்படும் அட்டை வீட்டில் மதிக்கப்படாவிட்டாலும், அட்டை எட்டாத அலமாரியில் இருந்தாலும் இதுவே விளைவு.

பழைய நடத்தைக்கு இதுவரை கிடைத்துவந்த பயனை முற்றிலும் நிறுத்தும்போது, அது குறைவதற்கு முன் சிலரிடம் சிறிது காலம் கூடுவதும் உண்டு. தலையை மோதிக்கொள்பவரிடம் இது ஆபத்தானது என்பதால், கடுமையான நிலைகளில் பயிற்சி பெற்ற வல்லுநரின் மேற்பார்வை இன்றியமையாதது. புலனுணர்வுக்காக நிகழும் நடத்தைக்குப் பயன் பிறரிடமிருந்து வருவதில்லை. ஆகவே கேட்கக் கற்பிப்பது அங்கு அவ்வளவாக உதவாது. ஒத்த உணர்வைத் தரும் வேறு செயல்கள் தேவைப்படும்.

விமர்சனங்கள்

மதியிறுக்கம் உடையவர்கள் பலர், குழந்தைப் பருவத்தில் தாம் பெற்ற நடத்தைசார் பயிற்சிகளைக் கடுமையாக விமர்சித்துள்ளனர். கையை அசைத்தல், உடலை ஆட்டுதல் போன்ற தீங்கற்ற செயல்களும் 'சாதாரணமாகத்' தோன்றுவதற்காகத் தடுக்கப்பட்டன என்பதும், கீழ்ப்படிதலே வெற்றியாகக் கருதப்பட்டது என்பதும் அவற்றுள் முதன்மையானவை. 1987 இல் லோவாஸ் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளுள் 9 பேர் இயல்பான கல்வி நிலையை எட்டியதாகக் கூறப்பட்டது. குழுக்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படாமை அதன் குறையாகச் சுட்டப்படுகின்றது. இவ்விமர்சனங்கள் பயன்சார் தொடர்பாடல் பயிற்சிக்கு முழுமையாகப் பொருந்தாவிடினும் முற்றிலும் பொருந்தாதவையும் அல்ல. எந்த நடத்தையை மாற்றுவது என்பதை இங்கும் பெரியவர்களே முடிவு செய்கின்றனர்.

மருந்துகளும் சிக்கலுக்குரியவை. மனநோய்க்குரிய மருந்துகள் தக்க நோயறிதலின்றி இங்கிலாந்தில் அறிவுத்திறன் குறைபாடு உடைய 30,000 முதல் 35,000 பெரியவர்களுக்கு வழங்கப்படுவதாக 2015 இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. இதைக் குறைக்க 2016 இல் இயக்கம் தொடங்கப்பட்டது. ஆயினும் பணியாளருக்கு நேர்நிலை நடத்தை ஆதரவுப் பயிற்சி அளிப்பது மட்டும் போதுமா என்பதை இங்கிலாந்தின் 23 சேவை மையங்களில் சோதித்து 2018 இல் வெளியான ஆய்வில், வழக்கமான கவனிப்பைவிட நடத்தை குறைந்ததாகத் தெரியவில்லை.

மின்னதிர்ச்சியும் முற்றிலும் மறையவில்லை. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஜட்ஜ் ரோட்டன்பர்க் மையம் தோலில் அதிர்ச்சி தரும் கருவியைப் பயன்படுத்தியது. சித்திரவதை தொடர்பான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் 2013 இல் இதைக் கண்டித்தார். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 மார்ச்சில் இத்தகைய கருவிகளைத் தடை செய்தது. 2021 சூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதிகாரவரம்பைக் காரணம் காட்டித் தடையை நீக்கியது. 2022 திசம்பரில் அமெரிக்கக் காங்கிரசு சட்டத்தைத் திருத்தியதைத் தொடர்ந்து, 2024 மார்ச்சில் அந்நிர்வாகம் தடையை மீண்டும் முன்மொழிந்தது.