பவளத் தொட்டியில் குழாய்களை மறைப்பது எப்படி? கவனிக்க வேண்டியவை என்ன?

வீட்டு வரவேற்பறையில் உப்புநீர்ப் பவளத் தொட்டியை அமைப்போரின் கண்ணை முதலில் உறுத்துவது, பின்புறக் கண்ணாடியை ஒட்டி நிற்கும் வெள்ளை நிற பிவிசி குழாய்கள்தாம். அவற்றை மறைக்க விரும்புவது இயல்பே. ஆனால், மறைக்கும் முறை தவறினால் தொட்டியில் உள்ள உயிர்கள் மடியலாம். தரையில் நீர் பெருக்கெடுக்கலாம். சில வேளைகளில் வனத்துறையின் வழக்கையும் எதிர்கொள்ள நேரிடலாம்.

பவளத் தொட்டிகளில் பெரும்பாலானவை இரண்டு அடுக்குகளாக இயங்குகின்றன. மேல் தொட்டியில் நிரம்பி வழியும் நீர், ஒரு குழாய் வழியாகக் கீழே உள்ள 'சம்ப்' எனப்படும் துணைத் தொட்டிக்கு இறங்குகிறது. அங்கு கழிவு பிரிக்கப்பட்டு, வெப்பம் சீராக்கப்பட்ட பின், பம்ப் அந்நீரை மற்றொரு குழாய் வழியாக மீண்டும் மேலே அனுப்புகிறது. மறைக்கப்பட வேண்டியவை இந்த இரு குழாய்களும் அவற்றின் இணைப்புகளுமே.

இதில் மிகுந்த கவனத்துக்குரியது நீர் திரும்பும் குழாய். மின்சாரம் தடைபட்டு பம்ப் நின்றவுடன், அக்குழாயின் வாய் நீருக்குள் மூழ்கியிருப்பதால், மேல் தொட்டியின் நீர் அதே வழியில் கீழ்நோக்கி உறிஞ்சப்படும். காற்று உள்ளே நுழையும் வரை இது நிற்காது. 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் கொண்ட தொட்டியில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் 5.4 லிட்டர் நீர் வெளியேறுகிறது. குழாயின் வாய் 15 செ.மீ. ஆழத்தில் இருந்தால், சுமார் 81 லிட்டர் உப்புநீர் கீழே இறங்கும். துணைத் தொட்டியில் அவ்வளவு இடம் இல்லையெனில், அந்நீர் சேரும் இடம் வீட்டின் தரைதான். மின்தடை அரிதல்லாத ஊர்களில் இது வெறும் கணக்கு அல்ல.

இதைத் தடுக்க, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் சிறு துளை இடப்படுகிறது. நீர்மட்டம் அத்துளைக்குக் கீழே இறங்கியவுடன் காற்று புகுந்து, உறிஞ்சுதல் அறுபடும். குழாயைப் பாறை போலத் தோன்றச் செய்ய முனைவோர் பெரும்பாலும் மூடிவிடுவது இந்தத் துளையைத்தான். நீர் வழியும் பகுதியின் பல் போன்ற இடைவெளிகளையும், அவசர வடிகால் குழாயின் வாயையும் அவ்வாறே எக்காரணம் கொண்டும் மறைக்கலாகாது. நத்தை ஒன்று அடைத்துக்கொண்டாலே சிக்கல் எழும் இடங்கள் இவை.

மிக எளிய வழி, எதையும் ஒட்டாமல் இருப்பதே. பின்புறக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் கறுப்பு வண்ணம் பூசி, உள்ளே கறுப்பு அல்லது அடர்சாம்பல் நிறக் குழாய்களைப் பொருத்தினால், ஓரிரு அடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அவை புலப்படுவதில்லை. வெள்ளைக் குழாய் மீது வண்ணம் தெளிப்பது வேறு செய்தி. நீருக்குள் இருக்கும் பூச்சு நாளடைவில் உரியக்கூடும். அதில் என்னென்ன கலந்துள்ளன என்பதையும் எளிதில் அறிய இயலாது.

காத்திருக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு இயற்கையே உதவுகிறது. கோரலைன் எனப்படும் சுண்ணாம்புப் பாசி, இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த மேலோடாகக் குழாய்களின் மீது படர்கிறது. நீரில் கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் வரையிலும், மக்னீசியம் 1,300 மில்லிகிராம் அளவிலும் நிலையாக இருந்தால், சில மாதங்களில் வெள்ளை நிறம் மறையத் தொடங்கும். ஆயினும் இப்பாசி துளைகளையும் அடைக்கக்கூடியது என்பது குறிப்பிடத்தக்கது.

உடனடியாக மறைக்க விரும்புவோர், ஈரமற்ற பீங்கான் கற்களையோ பதப்படுத்திய சிமெண்ட் கற்களையோ பயன்படுத்தலாம். புதிய சிமெண்ட் நீரின் காரத்தன்மையைக் கடுமையாக உயர்த்தும். எனவே அக்கற்களை நன்னீரில் பல வாரங்கள் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றிய பிறகே தொட்டியில் இடவேண்டும். ஒட்டுவதற்கு, நீரில் பயன்படுத்தத்தக்க இரு பகுதி எபாக்சி பசை ஏற்றது. சிலிகான் பசை எனில், பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காதது என உறுதிசெய்ய வேண்டும். குளியலறைக்கென விற்கப்படும் பலவற்றில் அது கலந்திருக்கும். செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய கம்பிகள் ஆகியவை முற்றிலும் விலக்கத்தக்கவை. மீன்கள் தாங்கும் அளவு செம்பே பவளங்களையும் இறால்களையும் கொன்றுவிடும். கம்பிக்குப் பதில் நைலான் கட்டு போதுமானது.

கற்களின் எடை குழாய் மீதோ, கண்ணாடியைத் துளைத்துச் செல்லும் இணைப்பின் மீதோ சாயக்கூடாது. கல்லுக்கும் குழாய்க்கும் இடையே நீரோட்டம் புகும் இடைவெளி வேண்டும். இல்லையெனில் அங்கு கழிவு தேங்கி நைட்ரேட்டாக மாறும்.

குழாயை மறைக்கக் கடற்கரையில் பொறுக்கிய பவளத் துண்டுகளை ஒட்டுவது பலரும் அறியாமல் செய்யும் தவறு. பாறை அமைக்கும் பவளங்கள், கருப்புப் பவளம், கடல்விசிறி ஆகியவை 2001-ஆம் ஆண்டு முதல் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. உயிருள்ளவை, காய்ந்தவை என்ற வேறுபாடு இதில் இல்லை. முதல் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றங்களுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கப்படலாம். மன்னார் வளைகுடா, கட்ச் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான் ஆகிய எப்பகுதியில் எடுக்கப்பட்டாலும் சட்டம் ஒன்றே.

அலங்கரிப்புப் பணி முடிந்ததும், துணைத் தொட்டியின் அருகே வாளியுடன் நின்று பம்பின் மின்இணைப்பை ஒருமுறை துண்டித்துப் பார்க்க வேண்டும். நீர் ஏறி எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அங்கு ஒரு கோடு வரைந்து வைக்கலாம். சில மாதங்களுக்குப் பின் நடத்தும் சோதனையில் நீர் அக்கோட்டைக் கடந்தால், துளை அடைபட்டுள்ளதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.