குற்றக்கதையும் ஊரின் பெயரும்

திருநெல்வேலியினின்று மேற்படிப்பிற்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ செல்லும் நம் மாணாக்கரிடம், புதிய நண்பர்கள் பெரும்பாலும் இரண்டு பொருள்களைப்பற்றியே முதலில் வினவுவர். ஒன்று அல்வா, மற்றொன்று அரிவாள். அல்வாவின் புகழ் நம் கடைவீதி ஈட்டியது. அரிவாளின் புகழோ பெரும்பாலும் திரைப்படங்கள் நம்மேல் ஏற்றியது. கொலையும் பழியும் இந்நாட்டில் இல்லையென்று சொல்ல எவரும் துணியார். ஆயினும், பொருநை பாயும் வயல்களும், பாளையங்கோட்டையின் கல்விச்சாலைகளும், பத்தமடையின் பாயும் மறைந்து, அரிவாள் ஒன்றே எஞ்சுமாயின் அது நீதியாகுமா? குற்றத்தைப் பொருளாகக் கொள்ளும் கலை, தான் பெயர் சொல்லும் ஊருக்கு யாது கடன்பட்டுள்ளது?

இவ்வினாவை ஆராய்வதற்கு, ஜப்பான் தேசத்து வீடியோ விளையாட்டு ஒன்றும், அதனைப்பற்றி எழுந்துள்ள பலதிறப்பட்ட அபிப்பிராயங்களும் நமக்குத் துணைசெய்யும். விடுதி அறைகளில் அதனை ஆடுவோர் சிலர் இருத்தல் கூடும். ஆடாதோர் பொருட்டு அதன் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம்.

சேகா என்னும் கம்பெனியார் 2005-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி, ‘ரியூ கா கொதோகு’ என்ற விளையாட்டைப் பிளேஸ்டேஷன் 2 என்னும் கருவிக்கென வெளியிட்டனர். ‘டிராகனைப் போல’ என்பது அப்பெயரின் பொருள். மேனாடுகளில் அது ‘யாகுசா’ என்ற பெயரால் வழங்கிற்று. யாகுசா என்போர், ஜப்பானில் தலைவன், தொண்டன் என்ற முறைமையுடன் இயங்கும் குற்றக்கூட்டத்தார். கதாநாயகனாகிய கிர்யு கஸுமா அக்கூட்டத்தைச் சார்ந்தவன். தலைவனைக் கொன்ற பழியை நண்பன் பொருட்டுத் தானே ஏற்று, பத்தாண்டு சிறையிருந்து மீள்கிறான். மீண்டவன், தாயைத் தேடியலையும் ஒரு சிறுமியைக் காக்கும் பொறுப்பை மேற்கொள்கிறான். காணாமற்போன ஆயிரங்கோடி யென் பணத்தைப்பற்றிய பூசலும் அவனைத் தொடர்கிறது.

ஆடுகின்றவர் தாம் விரும்பிய இடத்திற்குச் சென்று, விரும்பியதைச் செய்யுமாறு ஓர் ஊரையே அமைத்துவைப்பதனைத் திறந்த உலக விளையாட்டு என்பர். இவ்வகையிற் பெரும்பிரசித்தி பெற்றது ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’. ஆதலின் யாகுசாவை அதனோடு ஒப்பிட்டு நோக்கினோர் பலர். ஆயின் அவ்வொப்புமை நெடுந்தூரம் செல்லவில்லை. அதிற் பரந்த நகரம் உண்டு. பிறர் வாகனத்தைக் கவர்ந்து ஓட்டலாம். வழிப்போக்கரைச் சுடவும் செய்யலாம். இதிலோ சில தெருக்களே உள்ளன. வழிப்போக்கரைத் தாக்க இடமில்லை. வலிய வம்புக்கு வருவோருடனேயே சண்டை. சேகா கம்பெனியாரே 1999-இல் வெளியிட்ட ‘ஷென்மூ’தான் இதற்கு நெருங்கிய உறவு என்பது பலர் துணிபு.

இவ்விளையாட்டின் தலையாய சிறப்பென்று விமர்சகர் எடுத்தோதுவது அதன் ஊரையே. கமுரோச்சோ என்னும் அக்கற்பனைப் பேட்டை, டோக்கியோ மாநகரின் ஷின்ஜுகு பகுதியிலுள்ள கபுகிச்சோவைப் பார்த்து அமைத்தது. இடம் சிறிதாயினும் உணவுக்கடை, பாட்டுக்கூடம், விளையாட்டுக்கூடம் என ஒவ்வொன்றும் நுணுக்கமாக அமைந்துள்ளது. மேலும், தெருவில் எதிர்ப்படும் எளிய மாந்தர் பலருக்கும் தனித்தனிக் கிளைக்கதைகள் உண்டு. ஏமாற்றுக்காரரிடம் சிக்கியவர், காதலில் இடறியவர், பிழைப்பிழந்தவர் ஆகியோரின் துயரைத் துடைப்பதற்காக நாயகன் தன் பெருங்கதையையே நிறுத்திவைத்து நிற்பான். அடுத்தடுத்த பகுதிகளிலும் அதே தெருக்களுக்கு மீள்வதால், ஆடுகின்றவருக்கு அது பழகிய ஊராகிவிடுகிறது. ஃபாமிட்சு என்னும் ஜப்பானியப் பத்திரிகையில், நால்வர் தலைக்குப் பத்து வீதம் மதிப்பெண் இடுவது வழக்கம். 2012-இல் வந்த ஐந்தாம் பகுதிக்கு நாற்பதுக்கு நாற்பதும் கிடைத்தன.

நிற்க. குறை கூறியோரும் பலர். முதற்பகுதியின் ஆங்கிலக் குரல்கள் கதைக்கு ஒவ்வாவென்று பழிக்கப்பட்டன. இரண்டாம் பகுதியை மேனாடுகளில் ஜப்பானியக் குரலுடனேயே வெளியிட்டனர். மூன்றாம் பகுதி 2010-இல் மேனாடு சென்றபோது, ஜப்பானிய வழக்கங்கள் அயலார்க்கு விளங்காவென்று எண்ணிச் சிலவற்றை வெட்டினர். ஊரின் தனித்தன்மையை விரும்பி வந்தோரிடமிருந்து அதனையே பறிப்பதா என்று ரசிகர் வெகுண்டனர். பெண்டிரைப் பெரும்பாலும் அலங்காரப் பொருளாகவே காட்டுகின்றதென்பது மற்றொரு குற்றச்சாட்டு. திருநங்கை ஒருவரை நகையாடிய கிளைக்கதையை, மூன்றாம் பகுதியைப் புதுப்பித்தபோது வெளியிட்டோரே நீக்கிவிட்டனர். நாயகன் எவரையும் கொல்லாதவன் என்று கதை கூறும். சண்டையிலோ அவன் சைக்கிளைத் தூக்கி எதிரியின் தலையில் மோதுவான். இம்முரண்பாடும் நகைப்பிற்கிடமாயிற்று.

இவை எல்லாவற்றினும் கனத்த குற்றச்சாட்டு, குற்றவாளியை உத்தமனாக்குகிறது என்பதே. இதன்பொருட்டு ஒரு விசித்திரமான சோதனையும் நடந்தது. ஜப்பானியக் குற்றச்செய்திகளை எழுதிவந்த ஜேக் ஏடெல்ஸ்டீன் என்னும் பத்திரிகையாளர், 2010-இல் மெய்யான யாகுசா மூவரிடம் மூன்றாம் பகுதியைத் தந்து அபிப்பிராயம் கேட்டு வெளியிட்டார். அப்பகுதியில் கிர்யு, அநாதைக் குழந்தைகளுக்கு ஓர் இல்லம் நடத்துகிறான். அத்தகைய இல்லம் நடத்தும் முன்னாள் யாகுசா எவரையும் தான் அறியேன் என்றார் ஒருவர். ஒருவன் இருந்தானென்றார் மற்றொருவர். ஆக, தெரு மெய். நாயகனோ பெரும்பாலும் கற்பனை. உலகிலோ 1992-இல் நடப்பிற்கு வந்த சட்டமும், 2011-க்குள் நாடெங்கும் பரவிய ஆணைகளும் அக்கூட்டத்தாரை நெருக்கின. கூட்டத்தை விட்டு நீங்கியவரும் வங்கிக் கணக்குத் தொடங்க இயலாமல் இடர்ப்படலாயினர். 2020-இல் வந்த ஏழாம் பகுதி இந்நிலையை ஒருவாறு ஏற்றுக்கொண்டது. அதன் நாயகன் சிறையினின்று மீண்டு, வீடற்றோரிடையே வாழத் தொடங்குகிறான்.

இவ்வபிப்பிராயங்களைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். விமர்சகர் போற்றியது குற்றத்தையன்று. குற்றத்தைச் சூழ்ந்துள்ள சாதாரண வாழ்வையே. அவர்கள் குறைகண்ட இடங்களுள் முக்கியமானவை, அவ்வாழ்வின் ஒரு பகுதியைக் காணத் தவறிய இடங்களே. ஆதலின், குற்றக்கதையில் குற்றம் உளதா என்று வினவுவதிற் பயனில்லை. ஊர் உளதா, துன்புற்றவர் உளரா, குற்றத்தின் விலை கூறப்பட்டதா என்று வினவுதலே தகும்.

இவ்வளவுகோலை நம் ஊருக்கும் கொணர்வோம். 2018-இல் மாரி செல்வராஜ் இயக்கிய ‘பரியேறும் பெருமாள்’ திருநெல்வேலிச் சட்டக்கல்லூரியைக் களனாகக் கொண்டது. அதிலும் கொலையுண்டு. ஆயினும் கொலைஞன் மீசை முறுக்கிய வீரனல்லன். கொலையை விபத்தென்றும் தற்கொலையென்றும் தோன்றச்செய்யும், பார்வைக்கு எளிய முதியவன். ஆங்கிலப் பாடம் விளங்காது வகுப்பில் நாணி நிற்கும் கிராமத்து மாணவனே நாயகன். சாதி இழைக்கும் கொடுமை அனைத்தையும் தாங்கியும், முடிவில் அவன் அரிவாளை நாடவில்லை. தன்னைச் சமமாக மதித்துப் பேசும் ஒரு பேச்சையே நாடுகிறான். அப்படம் நம் நாட்டின் குற்றத்தை மறைக்கவில்லை. மிகக் கடுமையாகவே கூறிற்று. ஆனால் அதனைக் கண்டவர் இவ்வூரை அரிவாளூர் என்று நகையார். இவ்வூர் மாணவன் ஒருவனை அறிந்துகொண்டோமென்றே எண்ணுவர்.

நம் மாணாக்கருட் சிலர் நாளை கதை எழுதுவர், படம் எடுப்பர், வீடியோ விளையாட்டும் இயற்றுவர். 1843-இல் சுலோசன முதலியார் தம் பொருளைச் செலவிட்டுக் கட்டிய பாலத்தின்மேல் ஒரு துரத்தல் காட்சியை அவர்கள் அமைக்கட்டும், தடையில்லை. ஆயின் அப்பாலத்தில் நாடோறும் நடந்துசெல்லும் மாணவியும், பூக்காரியும், பேருந்திற்கு ஓடும் குமாஸ்தாவும் அக்காட்சியில் இருத்தல் வேண்டும். அங்ஙனம் அமையுமாயின், அயலூர் நண்பர் நம்மிடம் மூன்றாவதாகவும் ஒரு பொருளைப்பற்றி வினவுவர்.