சர்வதேசச் சட்டமும் நமது சட்டக் கல்வியும்

சட்டக் கல்லூரி மாணவர் பலருக்குச் சர்வதேசச் சட்டம் என்பது தேர்வுக்கு முந்திய வாரத்தில் புரட்டிப் பார்க்கப்படும் ஒரு பாடம். தூதர்களுக்குரிய சலுகைகள், போர்க் கைதிகளை நடத்தும் முறை, கடல் எல்லை, ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்பு ஆகியவற்றை நெட்டுருச் செய்து எழுதிவிட்டால் அத்துடன் அது மறக்கப்படுகிறது. சொத்து வழக்கும் குற்ற வழக்கும் நடத்தப் போகிறவருக்கு இப்பாடம் எதற்கு என்ற கேள்வி மேலெழுந்தவாரியாகப் பார்க்கும்போது நியாயமானதாகவே தோன்றும். இந்திய பார் கவுன்சில் 2008-ல் வகுத்த சட்டக் கல்வி விதிகளில் இது கட்டாயப் பாடங்களுள் ஒன்று. கட்டாயம் என்பதனாலேயே ஒரு பாடம் கற்கப்பட்டுவிடுவதில்லை.

நமது அரசியல் சட்டம் இப்பொருளை அலட்சியம் செய்யவில்லை. சர்வதேசச் சட்டத்தையும் உடன்படிக்கைக் கடமைகளையும் மதிக்கும் மனப்பான்மையை வளர்க்க அரசு முயல வேண்டும் என 51-வது பிரிவு கூறுகிறது. உடன்படிக்கைகளை நிறைவேற்றுவதற்காக எந்தப் பொருள் பற்றியும் சட்டம் இயற்றும் அதிகாரத்தை 253-வது பிரிவு பாராளுமன்றத்திற்கு அளிக்கிறது. ஆனால் உடன்படிக்கையில் கையெழுத்திடுவது நிர்வாகத் துறையின் அதிகாரம்; பெரும்பாலானவை பாராளுமன்றத்தின் முன் விவாதத்திற்கு வருவதே இல்லை. ஆகவே அவற்றின் வாசகம் எப்படி அமைகிறது என்பது மிகச் சில அதிகாரிகளின் பயிற்சியையும் விழிப்பையும் பொறுத்ததாக இருக்கிறது. இதனால் நேரக்கூடிய விளைவை ஒரு வழக்கு தெளிவாகக் காட்டுகிறது.

ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் வழக்கு

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ள பிபர்வார் என்ற இடத்தில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் அமைப்பதற்காக, ஆஸ்திரேலியாவின் ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் 1989-ல் கோல் இந்தியா நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஊக்கத்தொகை, அபராதத்தொகை பற்றிப் பின்னர் தகராறு எழுந்தது. அது நடுவர் மன்றத்திற்குச் சென்று, 2002-ல் ஆஸ்திரேலிய நிறுவனத்திற்குச் சாதகமாகச் சுமார் 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தரவேண்டும் என்று முடிவாயிற்று. தீர்ப்பை ரத்துச் செய்யுமாறு கோல் இந்தியா கல்கத்தா உயர் நீதிமன்றத்தை அணுகியது. அதை நிறைவேற்றித் தருமாறு ஒயிட் நிறுவனம் டில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. கல்கத்தா நீதிமன்றத்திற்கு இதை விசாரிக்கும் அதிகாரம் உண்டா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்று அங்கேயே தங்கிவிட்டது. ஆண்டுகள் ஓடின.

இதுவரை இது நமது நீதிமன்றங்களில் அன்றாடம் காணக்கூடிய தாமதமே. ஆனால் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் 1999-ல் முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டிருந்தன. அதன் கீழ் ஒயிட் நிறுவனம் 2010-ல் இந்திய அரசின் மீதே வழக்குத் தொடுத்தது. கோல் இந்தியாவின் செயலுக்காக அரசைப் பொறுப்பாளியாக்க நடுவர் மன்றம் மறுத்தது. நீதி மறுக்கப்பட்டது என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. அதன் பிறகு வந்த வாதத்தில்தான் இந்தியா தோற்றது. ஆஸ்திரேலிய உடன்படிக்கையில் 'மிகவும் சலுகை பெற்ற நாடு' என்ற விதி இருந்தது. வேறொரு நாட்டின் முதலீட்டாளருக்கு இந்தியா அளிக்கும் நன்மையை ஆஸ்திரேலிய முதலீட்டாளருக்கும் அளிக்க வேண்டும் என்பது அதன் பொருள். குவைத்துடன் இந்தியா செய்துகொண்ட உடன்படிக்கையிலோ, முதலீட்டாளர் தம் உரிமையை நிலைநாட்டப் 'பயனுள்ள வழிவகை' இருக்க வேண்டும் என்ற ஒரு வாசகம் இடம்பெற்றிருந்தது. குவைத்துக்காக எழுதிய வரி ஆஸ்திரேலியாவுக்கும் உதவியது. அதிகார வரம்புக் கேள்வியை ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்க்க இயலாத நீதிமன்ற அமைப்பு பயனுள்ள வழிவகை ஆகாது என்று 2011 நவம்பரில் தீர்ப்பாயிற்று. முதலீட்டு உடன்படிக்கை ஒன்றின் கீழ் இந்தியா அடைந்த முதல் தோல்வி இதுவே.

இந்த ஒரு வழக்கை ஒழுங்காகப் படிக்கும் மாணவர் ஒரு பாடப் புத்தகத்தின் பாதியைக் கற்றுவிடுகிறார் எனலாம். அரசின் செயல் எது, அரசுக்குச் சொந்தமான நிறுவனத்தின் செயல் எது என்ற வேறுபாடு அதில் இருக்கிறது. நிர்வாகம், சட்டசபை, நீதிமன்றம் ஆகிய எந்த உறுப்பு தவறினாலும் வெளிநாட்டின் பார்வையில் அது அரசின் தவறே என்ற கோட்பாடு இருக்கிறது. இரண்டு உடன்படிக்கைகளை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் முறையும் இருக்கிறது. வியப்பு என்னவெனில், உடன்படிக்கைகளுக்குப் பொருள்கொள்ளும் விதிகளை வகுத்துள்ள 1969-ம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தில் இந்தியா சேரவே இல்லை. எனினும் அவ்விதிகள் வழக்காற்றுச் சட்டம் என்ற முறையில் நம்மையும் கட்டுப்படுத்துகின்றன.

தீர்ப்புக்குப் பின் அரசு வாளாவிருக்கவில்லை. 1994-ல் பிரிட்டனுடன் தொடங்கி எண்பதுக்கு மேற்பட்ட நாடுகளுடன் செய்துகொண்ட உடன்படிக்கைகள் மறுபரிசீலனைக்கு வந்தன. 2015 இறுதியில் புதிய மாதிரி உடன்படிக்கை வகுக்கப்பட்டது. 'மிகவும் சலுகை பெற்ற நாடு' விதி அதில் இல்லை. நடுவர் மன்றத்தை அணுகுமுன் ஐந்தாண்டுக் காலம் உள்நாட்டு நீதிமன்றங்களில் பரிகாரம் தேட வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளுடன் இருந்த பழைய உடன்படிக்கைகளை முடித்துக்கொள்ள அறிவிப்பும் தரப்பட்டது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சென்றுவிட்டோமோ என்று கருதுவோரும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்துடன் 2024-ல் கையெழுத்தான உடன்படிக்கையில் அந்த ஐந்தாண்டு மூன்றாகக் குறைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

சென்னையில் வளர்ந்த ஆய்வு

இத்துறையில் நமக்கு மரபே இல்லை என்று எண்ணுவது தவறாகும். போலந்து மரபில் வந்த பேராசிரியர் சார்லஸ் ஹென்றி அலெக்ஸாண்ட்ரோவிச் 1951 முதல் 1961 வரை சென்னைப் பல்கலைக் கழகத்தில் சர்வதேசச் சட்டமும் அரசியல் சட்டமும் கற்பித்தார். 1952-ல் அங்கிருந்து சர்வதேச விவகாரங்களுக்கான ஆண்டு மலர் வெளிவரத் தொடங்கியது. சர்வதேசச் சட்டம் ஐரோப்பியரின் படைப்பு என்ற கருத்தை அவர் மறுத்தார். கிழக்கிந்தியப் பகுதியின் மன்னர்கள் ஐரோப்பியக் கம்பெனிகளுடன் சம நிலையில் நின்று உடன்படிக்கைகள் செய்துகொண்டனர் என்பதைப் பழைய ஆவணங்களைக் கொண்டு நிறுவினார்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. தாத்ரா, நகர் ஹவேலி பகுதிகளுக்குச் செல்லும் வழியுரிமை கோரிப் போர்ச்சுகல் 1955-ல் சர்வதேச நீதிமன்றத்தில் இந்தியாவின் மீது வழக்குத் தொடுத்தபோது, மராட்டியர் 1779-ல் செய்துகொண்ட உடன்படிக்கை செல்லுமா என்பது முக்கியக் கேள்வியாயிற்று. உடன்படிக்கை செல்லும், ஆனால் அது கொடுத்தது கிராமங்களின் வருவாயையே அன்றி இறைமையை அன்று என 1960-ல் நீதிமன்றம் கருதியது. பிரிட்டிஷார் காலத்தில் போர்ச்சுகலின் இறைமை ஏற்கப்பட்டுவிட்டது என்றும், எனினும் படைகளுக்கு வழியுரிமை இல்லை என்றும், இந்தியா தன் கடமையை மீறவில்லை என்றும் முடிவாயிற்று. ஜாகீருக்கும் இறைமைக்கும் உள்ள வேறுபாட்டை ஹேக் நகரில் எடுத்துரைக்க வரலாறும் தெரிந்த சட்ட அறிஞர் தேவைப்பட்டார்.

டில்லியில் 1955-ல் சர்வதேச ஆய்வுகளுக்கான இந்தியப் பள்ளி தோன்றியது. 1970-ல் அது ஜவஹர்லால் நேரு பல்கலைக் கழகத்தில் இணைந்தது. வி. கே. கிருஷ்ண மேனனைத் தலைவராகக் கொண்டு 1959-ல் இந்தியச் சர்வதேசச் சட்டக் கழகம் அமைந்தது. புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் தாங்கள் பங்குபெறாமல் உருவான விதிகளை அப்படியே ஏற்க வேண்டுமா என்ற கேள்வியை ஆர். பி. ஆனந்த் போன்றோர் எழுப்பினர்.

கரும்பு விலையும் சட்டமும்

இன்று அந்தக் கேள்வி கரும்பு வயல் வரை வந்துவிட்டது. பிரேசில், ஆஸ்திரேலியா, குவாதமாலா ஆகிய நாடுகள் தொடுத்த வழக்கில் 2021 டிசம்பரில் உலக வணிக அமைப்பின் குழு ஒன்று முடிவு கூறியது. கரும்புக்கு அரசு விலை நிர்ணயிக்கிறது; பணத்தைக் கொடுப்பதோ சர்க்கரை ஆலைகள். அரசு கருவூலத்திலிருந்து காசு செலவாகாதபோது அது 'அரசு ஆதரவு' ஆகுமா? ஆகாது என்று இந்தியா வாதிட்டது. ஆகும் என்று குழு கருதியது. வளரும் நாடுகளுக்கு உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம் என்ற வரம்பு மீறப்பட்டதாகவும் முடிவு செய்தது. இந்தியா 2022 ஜனவரியில் மேல்முறையீடு செய்தது. ஆனால் உறுப்பினர் நியமனம் தடைப்பட்டதால் மேல்முறையீட்டு அமைப்பு 2019 டிசம்பர் முதலே இயங்கவில்லை. இவ்வழக்கில் ஆதரவின் அளவைக் கணக்கிட 1986-88 ஆண்டுகளின் விலையே அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. அக்கணக்கு சட்டத்தைச் சேர்ந்ததா, பொருளாதாரத்தைச் சேர்ந்ததா என்று பிரித்துக் கூற இயலாது. சட்ட மாணவர் பொருளாதாரத்தைத் தவிர்த்துவிட்டு இத்துறையில் முன்னேற முடியாது. பொருளாதார மாணவருக்கும் இது பொருந்தும். மேற்கூறிய மேல்முறையீட்டு அமைப்பில் இந்தியாவிலிருந்து அமர்ந்த ஏ. வி. கணேசன், உஜல் சிங் பாட்டியா ஆகிய இருவரும் வழக்கறிஞர்கள் அல்லர், ஆட்சிப் பணியினர் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

அரசுகள் கையெழுத்திடும் உடன்படிக்கைகளுக்கு வெளியிலும் விதிகள் பிறக்கின்றன. இவற்றையும் சேர்த்தே 'உலகளாவிய சட்டம்' என்ற புதிய பெயர் வழங்கலாயிற்று. உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணையத்தின் தரங்கள் தாமாக எவரையும் கட்டுப்படுத்துவதில்லை. ஆயினும் உலக வணிக அமைப்பின் விதிகள் அவற்றைச் சுட்டுவதால், ஒரு மிளகு மூட்டை துறைமுகத்தில் ஏற்கப்படுவதும் மறுக்கப்படுவதும் அவற்றைச் சார்ந்துவிடுகிறது. மசாலாப் பொருள்களுக்கான கோடெக்ஸ் குழுவை இந்தியாவே நடத்துகிறது. அதன் முதல் கூட்டம் 2014-ல் கொச்சியில் கூடியது. விதியை ஏற்பவராக மட்டுமன்றி எழுதுபவராகவும் இருக்க வாய்ப்புள்ள இடம் அது.

வகுப்பறையில் இல்லாதது

பெங்களூரில் 1987-ல் தொடங்கிய தேசியச் சட்டப் பள்ளியும் அதைப் பின்பற்றி எழுந்த ஐந்தாண்டுப் பட்டப் பள்ளிகளும் கற்பிக்கும் முறையை வெகுவாக மாற்றின. மாதிரி வழக்காடு மன்றங்களில் நம் மாணவர் உலகப் புகழ் பெற்றுள்ளனர். ஜெஸ்ஸப் பெயரால் நடக்கும் சர்வதேசப் போட்டியில் பெங்களூர் மாணவர் 1999-லும் 2013-லும் முதலிடம் பெற்றனர். இத்திறன் வீண்போகவில்லை என்பதற்குச் சான்றுகள் உண்டு. தூதரகத் தொடர்பு உரிமை பற்றிய ஜாதவ் வழக்கில் 2019-ல் இந்தியா 15-க்கு 1 என்ற வாக்கில் பெற்ற தீர்ப்பு அவற்றுள் ஒன்று. 1963-ம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36-வது பிரிவை 2008-ல் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாடு குறைத்துவிட்டதா என்ற நுட்பமான கேள்வி அதில் தீர்க்கப்பட்டது.

ஆனால் வழக்காடக் கற்பிக்கும் அளவுக்கு உடன்படிக்கை எழுதக் கற்பிக்கப்படுவதில்லை. இதுவே நமது சட்டக் கல்வியின் பெருங்குறை. குவைத் உடன்படிக்கையின் அந்த ஒரு வாசகத்தை எழுதிய மேசையில் மாதிரி வழக்காடு மன்றத்தின் பேச்சாற்றலுக்கு வேலை இல்லை. வேறு எந்த உடன்படிக்கையில் என்ன எழுதியிருக்கிறோம் என்ற நினைவும், நமது நீதிமன்றங்களில் ஒரு மனு எத்தனை ஆண்டு கிடக்கும் என்ற உண்மை அறிவும்தான் அங்கு தேவை. சொத்து வழக்கு நடத்தும் வழக்கறிஞருக்கு இரண்டாவது நன்றாகத் தெரியும். சர்வதேசச் சட்டம் பயின்று வெளிநாடு செல்லும் மாணவருக்குப் பல சமயம் தெரியாது.

உள்நாட்டுச் சட்டத்தோடு இணைத்துக் கற்பிப்பதற்கு உதாரணங்கள் ஏராளம். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் சர்வதேச ஒப்பந்தத்தின் துணையுடன்தான் 1997-ல் விசாகா வழக்கில் பணியிடப் பாதுகாப்பு நெறிகளை உச்ச நீதிமன்றம் வகுத்தது. அவை 2013-ல் சட்டமாயின. வங்காள விரிகுடா எல்லை வழக்கில் 2014-ல் தகராறுக்குரிய 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 வங்கதேசத்திற்குச் சென்றது. எல்லைக்கோடு தரையில் எங்கே தொடங்குகிறது என்பதற்கு 1947-ம் ஆண்டு ராட்கிளிஃப் தீர்ப்பின் சொற்களையே ஆராய வேண்டியிருந்தது. அவ்வழக்கில் இந்தியாவின் சார்பில் வாதாடிய வெளியுறவு அமைச்சகச் சட்ட அதிகாரி நீரு சட்டா, 2017-ல் சர்வதேசக் கடற்சட்டத் தீர்ப்பாயத்தின் நீதிபதியானார். அப்பதவி பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே.

ஒரு பருவத்திற்கு ஒரே பயிற்சியாக, மாதிரி முதலீட்டு உடன்படிக்கையையும் அமீரக உடன்படிக்கையையும் மாணவர் கையில் கொடுத்து, ஐந்தாண்டு மூன்றானதால் ஒரு மாவட்ட நீதிமன்றத்தின் மீதும் ஓர் அமைச்சகத்தின் மீதும் விழும் சுமை என்ன என்று எழுதச் சொல்லலாம். அதற்குப் புதிய கட்டடமோ வெளிநாட்டுப் பேராசிரியரோ வேண்டியதில்லை. இரண்டு ஆவணங்களும் பொதுமக்கள் படிக்கக் கிடைக்கின்றன.