இழப்பை அளந்து கூறுவோர்

கூட்டுறவுச் சங்கத்தில் நகையை ஈடு வைத்துக் கடன் பெற்ற விவசாயி எவரும் நகை மதிப்பீட்டாளரை அறிவார். அவர் நகையை உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறார், எடை போடுகிறார், கல்லையும் அரக்கையும் கழித்துப் பொன்னின் அளவைக் கூறுகிறார். நகை நம்முடையது, பணம் சங்கத்தினுடையது. இருவருக்கும் நடுவே நின்று உள்ளதை உள்ளபடி சொல்வதே அவருடைய வேலை.

இவரைப் போன்ற இன்னொரு மதிப்பீட்டாளரும் உண்டு. டிராக்டர் கவிழ்ந்தாலும், வீடு தீப்பற்றினாலும், கிடங்கில் வைத்த சரக்கு வெள்ளத்தில் நனைந்தாலும், காப்பீடு செய்தவருக்கு எவ்வளவு தொகை சேர வேண்டும் என்பதை ஆராய்ந்து எழுதுபவர் அவர். இழப்பு மதிப்பீட்டாளர் என்பது அவர் பெயர். வழக்கில் 'சர்வேயர்' என்றே அழைக்கின்றனர். அச்சொல்லைக் கேட்டு, நிலம் அளக்க வருகிறார் போலும் என்று பட்டாவை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களையும் நாம் கண்டதுண்டு. ஆகவே, அவர் யார், எதைப் பார்க்கிறார், அவர் வருமுன் நாம் செய்ய வேண்டுவன யாவை என்பவற்றை ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

சட்டம் கூறுவது

1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தில் 1968-இல் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. அதன்படி சேர்க்கப்பட்ட 64 யு.எம். பிரிவு, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட இழப்பீட்டை, உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை இல்லாமல் காப்பீட்டு நிறுவனம் தீர்க்கலாகாது என்று விதிக்கிறது. இன்று இந்த உரிமத்தை வழங்குவது இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையமாகும். மதிப்பீட்டாளரை அமர்த்துவதும் அவருக்குக் கட்டணம் தருவதும் நிறுவனத்தின் பொறுப்பு. சேதமுற்றவர் அவருக்கு ஒரு காசும் தர வேண்டியதில்லை, தருவதும் தவறு. தமக்குச் சம்பந்தமுள்ள சொத்தை அவர் மதிப்பிடலாகாது. இரு தரப்புக்கும் பொதுவாக நின்று எழுத வேண்டும்.

அபிராமபுரத்தில் கண்டது

2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் நாளில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அடையாறு கரை புரண்டு ஓடியது. முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் மூழ்கடித்த அதே ஆறுதான் நகருக்குள் நுழைந்து கோட்டூர்புரத்தையும் மூழ்கடித்தது. கிராமம் என்றும் பட்டணம் என்றும் வெள்ளம் வேறுபாடு பார்ப்பதில்லை அன்றோ?

கோட்டூர்புரத்துக்கு எதிர்க்கரைப் பக்கம் உள்ளது அபிராமபுரம். அங்கே எமது உறவினர் ஒருவர் குடியிருந்தார். வெள்ளம் வடிந்த பின் அவரைப் பார்க்கச் சென்றிருந்தோம். தெருவைவிடத் தாழ்ந்திருந்த வண்டி நிறுத்தத்தில் இரண்டு மோட்டார் கார்கள் நின்றிருந்தன. ஒன்று உறவினருடையது, மற்றொன்று மேல்வீட்டுக்காரருடையது. இரண்டிலும் இருக்கை மட்டத்திற்கு நீர் ஏறி இறங்கியிருந்தது. இரண்டும் காப்பீடு செய்யப்பட்டவையே.

மேல்வீட்டுக்காரர், நீர் வடிந்ததும் வண்டியைக் கழுவித் துடைத்தார். ஓடுகிறதா என்று பார்க்கச் சாவியைத் திருகினார். ஒரு முறை உறுமிய இஞ்சின் பெரிய ஓசையுடன் நின்றுவிட்டது. எமது உறவினரோ, பழகிய மெக்கானிக் ஒருவர் தொலைபேசியில் சொன்ன அறிவுரைப்படி, பாட்டரியின் இணைப்பைக் கழற்றினார். சாவியைத் தொடவேயில்லை. சுவரில் நீர் நின்ற கோடு தெரியும்படி நான்கு புறமும் படம் எடுத்து வைத்தார். நிறுவனத்துக்கு அன்றே தகவல் தந்தார்.

சில நாட்கள் கழித்து மதிப்பீட்டாளர் வந்தார். சுவரில் இருந்த கோட்டைத் தரையிலிருந்து அளந்தார். இருக்கைக்கு அடியிலிருந்த சேற்றைப் பார்த்தார். உறவினருடைய வண்டியின் சேதம் முழுவதையும் வெள்ளச் சேதமாகக் குறித்துக்கொண்டார். மேல்வீட்டுக்காரருடைய வண்டியில், மின்கம்பிகள், இருக்கைகள் ஆகியவற்றை ஏற்றுக்கொண்டார், இஞ்சினை ஏற்கவில்லை. "வெள்ளம்தானே ஐயா கெடுத்தது?" என்று அவர் மனம் நொந்து கேட்டார். மதிப்பீட்டாளர் அமைதியாகக் கூறிய விடை இன்றும் நம் நினைவில் உள்ளது: "இஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தது வெள்ளத்தால், ஆனால் தண்டு வளைந்தது சாவியைத் திருகியதால்."

இதன் காரணம் எளிது. காற்றை அழுத்தினால் சுருங்கும்; தண்ணீர் சுருங்காது. நீர் நிறைந்த சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வர முயலும்போது, அதைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைந்துவிடுகிறது. சாதாரணக் காப்பீட்டில் இது வெள்ளத்தின் நேர்ச்சேதம் ஆகாது, பின்விளைவாகவே கொள்ளப்படுகிறது. இஞ்சின் பாதுகாப்புக்கென்று கூடுதல் கட்டணம் செலுத்தியிருந்தால் ஒழிய, அதற்கு இழப்பீடு பெறுவது அரிது. ஒரே கூரையின் கீழ், ஒரே வெள்ளத்தில் நின்ற இரு வண்டிகள். ஒரு சாவியின் திருகலால் இரு வேறு முடிவுகள்! டிராக்டருக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் டீசல் பம்பு செட்டுக்கும் இது பொருந்தும்.

கணக்கு எவ்வாறு?

பழுதுபார்ப்புப் பட்டியலில் கண்ட தொகை முழுவதும் ஏன் வரவில்லை என்பது பலருடைய மனக்குறை. பழைய உறுப்புக்குப் பதில் புதிய உறுப்பு பொருத்தப்படுவதால், தேய்மானம் கழிக்கப்படுகிறது. ரப்பர், பிளாஸ்டிக் உறுப்புகள், டயர், பாட்டரி ஆகியவற்றுக்குப் பாதி கழியும். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோக உறுப்புகளுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழியும். முதல் ஆறு மாதங்களுக்கு ஒன்றுமில்லை. மூன்று ஆண்டு கடந்து நான்கு ஆண்டுக்குள் நூற்றுக்கு 25. பத்து ஆண்டு கடந்தால் நூற்றுக்கு 50.

மூன்றரை ஆண்டு ஓடிய வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உலோக உறுப்புகள் 40,000 ரூபாய், ரப்பரும் பாட்டரியும் 12,000, கண்ணாடி 5,000, கூலி 15,000, ஆகப் பட்டியல் 72,000 ரூபாய். கழிவுக்குப் பின் இவை முறையே 30,000, 6,000, 5,000, 15,000 ஆகி, 56,000 ரூபாய் நிற்கும். இதிலிருந்து, உரிமையாளர் தாமே ஏற்க வேண்டிய சிறு தொகையும், கழற்றிய பழைய உறுப்புகளின் விலையும் குறையும். பழுதுபார்க்கும் செலவு, பத்திரத்தில் குறித்த வண்டி மதிப்பில் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால், வண்டி முழு இழப்பாகக் கருதப்படும்.

ஒன்றை அழுத்தமாகக் கூற விரும்புகிறோம். சாலையில் வண்டி ஓட்டச் சட்டம் கட்டாயமாக்கியுள்ள மூன்றாம் தரப்புக் காப்பீடு, நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கே உரியது. அதை மட்டும் எடுத்திருப்பவருடைய வண்டி நொறுங்கினால், எத்தனை நேர்மையான மதிப்பீட்டாளர் வந்தாலும் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. பத்திரத்தை இன்றே எடுத்துப் பார்த்துக்கொள்க.

சரக்கும் கால்நடையும் பயிரும்

கடைச் சரக்குக்குக் குறைந்த தொகைக்குக் காப்பீடு செய்வது சிக்கனம் போலத் தோன்றும். ஆனால் 4 இலட்ச ரூபாய் சரக்கை 2 இலட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்தவருக்கு, ஒரு இலட்ச ரூபாய் சேதம் நேர்ந்தால், மதிப்பீட்டாளர் பாதி விகிதப்படி 50,000 என்றே எழுத நேரும். மீதிப் பாதிக்கு அவரே பொறுப்பு என்பது கணக்கு.

கால்நடைக் காப்பீட்டில் காது வில்லையே அடையாளம். மாடு இறந்தால் வில்லையை இழந்துவிடாமல், கால்நடை மருத்துவரின் பரிசோதனைக்குப் பின்னரே புதைக்க வேண்டும்.

பயிர்க் காப்பீடு இவற்றினின்று வேறுபட்டது. அங்கே தனித்தனி வயலின் சேதத்தைவிட, அறிவிக்கப்பட்ட பகுதியில் பயிர் அறுவடைச் சோதனை நடத்திக் காணும் சராசரி விளைச்சலே பெரிதும் அடிப்படையாகும். ஆலங்கட்டி மழை போன்ற இடம் சார்ந்த சேதத்துக்கு மட்டும் தனி வயல் பார்வையிடப்படும். அதற்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். அரசு தரும் வெள்ள நிவாரணத்துக்காகக் கிராம நிர்வாக அலுவலர் எடுக்கும் கணக்கும் தனியானது. ஒன்றைப் பெற்றதால் மற்றொன்று தானே வரும் என்று எண்ணியிருத்தல் கூடாது.

குறைவாகத் தோன்றினால்

மதிப்பீட்டாளருடைய அறிக்கை முக்கியமானது. ஆனால் அதுவே இறுதித் தீர்ப்பு அன்று என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் ஒரு வண்டி விபத்து வழக்கில் கூறியுள்ளது. குறை உள்ளவர் முதலில் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் முறையிட வேண்டும். ஒரு மாதத்துள் தக்க விடை வராவிடில், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். தமிழகத்துக்குரிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. முறையீட்டுக்கு வலிமை தருவது கோபம் அன்று. நாள் குறித்த படமும் இரசீதுமே ஆகும்.

பஞ்சாயத்தின் கடமை

எமது வட்டாரத்தில் ஒரு விவசாயி, நீரில் மூழ்கிப் பழுதான மோட்டாரை மதிப்பீட்டாளர் வருமுன்பே பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார். பிறகு வந்தவர் வெறும் தொட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அருகிலிருந்து ஒரு வார்த்தை சொல்வார் இல்லாததே அந்த இழப்பு. அச்சொல்லைச் சொல்வதற்கு ஊராட்சி மன்ற உறுப்பினரைவிடத் தகுந்தவர் யார்?

வெள்ளமோ தீயோ நேர்ந்த அன்றே உறுப்பினர்கள் வீடுதோறும் சென்று பின்வருவனவற்றை நினைவூட்டுதல் நலம்: உயிரைக் காத்தல் முதல் வேலை, மேலும் சேதம் பரவாமல் பொருளை மேட்டுக்கு மாற்றலாம், ஆனால் எறிந்துவிடலாகாது, நனைந்த இயந்திரத்தை இயக்கலாகாது, நீர் நின்ற அடையாளத்தைப் படம் எடுத்த பின்னரே கழுவ வேண்டும், நிறுவனத்துக்கு உடனே தகவல் தர வேண்டும், தீ விபத்தாயின் தீயணைப்பு நிலையத்தின் சான்றும், திருட்டாயின் காவல் நிலையத்தில் பதிந்த புகாரின் நகலும் பெற வேண்டும்.

வேண்டியவர் என்பதற்காகச் சேதத்தைப் பெருக்கிச் சான்று அளித்தலும் ஆகாது. ஒரு பொய்க் கணக்கு வெளிப்பட்டால், அவ்வூரின் பத்து மெய்க் கணக்குகளும் ஐயத்துக்கு உள்ளாகும்.

உரைகல் பொன்னை உண்டாக்குவதில்லை, இருப்பதைக் காட்டுகிறது. மதிப்பீட்டாளரும் அத்தகையவரே. நாம் காத்து வைத்த சான்றைத்தான் அவரால் எழுத்தாக்க முடியும். அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், ஒவ்வொரு ஊராட்சியும் கிராம சபைக் கூட்டத்தில் இதை ஒரு முறை எடுத்துரைக்குமாயின், வெள்ளத்துக்குத் தப்பிய பொருளோடு, அதில் இழந்த பொருளின் மதிப்பும் நம் மக்களின் கைக்கு வந்து சேரும்.