முகாமில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை

"மகளுக்கு ஐ.சி. எடுக்க ஜீ.எஸ்.ஸிட்டப் போனனான் அக்கா. பிள்ளை இந்தியாவில பிறந்தது, குடியுரிமைப் பத்திரம் கொண்டு வாங்கோ எண்டு சொல்லிப்போட்டார். நானும் இந்த மண்ணில பிறந்தனான், அவரும் இங்கதான். பிறகெப்பிடி என்ர பிள்ளை மட்டும் வெளிநாட்டுக்காரியாகும்?"

மன்னார்ப் பக்கத்துக் கரையோரக் கிராமமொன்றில் வாழும் ஒரு தாயின் கேள்வி இது. 2006 ஆம் ஆண்டு சண்டை மீண்டும் மூண்டபோது கணவனுடன் படகேறி இராமேஸ்வரம் போனவர். மண்டபத்தில் பதிந்து, பின்னர் வேறொரு முகாமுக்கு அனுப்பப்பட்டு, அங்கே 2007 இல் மகளைப் பெற்றெடுத்தார். சுகமில்லாத தாயைப் பார்த்து வருவதாகச் சொல்லி ஊருக்குப் புறப்பட்ட கணவன் திரும்பவில்லை. இன்றுவரை தகவலும் இல்லை. 2012 இல் ஐந்து வயது மகளோடு இவர் ஊர் திரும்பினார். கையில் இருந்தவை இந்தியப் பிறப்புச் சான்றிதழும் தற்காலிகப் பயணப் பத்திரமும்தான். பள்ளிக்கூடத்தில் அதிபர் இரக்கப்பட்டுப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார். சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை கேட்டபோதுதான் சிக்கல் தலைகாட்டியது.

இந்தத் தாய் தனியாள் அல்லர். 1983 இற்குப் பின் அலை அலையாகச் சென்ற எமது மக்களில், 2021 ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டின் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் 58,000 இற்கும் அதிகமானோர் இருந்தனர். முகாமுக்கு வெளியே 34,000 பேர் வரையில். இவர்களுள் முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே வளர்ந்து, இலங்கையைக் கண்ணாலும் காணாத பிள்ளைகள் பலர்.

அவர் கேட்ட கேள்விக்குச் சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையில் குடியுரிமை பிறந்த இடத்தால் வருவதில்லை, பெற்றோரின் வழியாக வருகிறது. ஆனால் பிள்ளை வெளிநாட்டில் பிறந்திருந்தால் வம்சாவளி மட்டும் போதாது, பதிவும் வேண்டும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின் 5(2) ஆம் பிரிவு இதைத்தான் கூறுகிறது. பிள்ளை பிறந்து ஒரு வருடத்துக்குள், அந்த நாட்டிலுள்ள எமது தூதரக அலுவலகத்திலோ இலங்கையில் உரிய அமைச்சின் அலுவலகத்திலோ பதிய வேண்டும். அந்த ஒரு வருடம் போய்விட்டால் எல்லாம் போய்விட்டது என்று பல தாய்மார் நினைத்து விடுகிறார்கள். அப்படியல்ல. தகுந்த காரணம் இருந்தால் காலத்தை நீடிக்க அமைச்சருக்கு அதே பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. போரும் முகாம் வாழ்க்கையும் தகுந்த காரணம் இல்லையென்றால் வேறு எதுதான் காரணம்?

அடுத்தது, தகப்பன் இல்லாத வீடுகளுக்கு மிக முக்கியமானது. முன்பு இந்தப் பிரிவில் 'தந்தை' என்றே இருந்தது. மணமான ஒரு பெண் இலங்கைப் பிரசையாக இருந்தும், வெளிநாட்டில் பிறந்த தன் பிள்ளைக்கு அந்த உரிமையைத் தானாகக் கொடுக்க முடியாதிருந்தது. 2003 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இதை மாற்றியது. இப்போது தாய், தந்தை இருவரில் ஒருவர் பிரசையாக இருந்தாலே போதும். கணவன் காணாமற்போயிருந்தாலும், இறந்திருந்தாலும், விட்டுவிட்டுப் போயிருந்தாலும் தாய் தன்னுடைய குடியுரிமையை வைத்தே விண்ணப்பிக்கலாம். "தகப்பனைக் கூட்டிவாங்கோ" என்று எவரேனும் சொன்னால் இந்தத் திருத்தத்தை எடுத்துச் சொல்லுங்கள். 2003 இற்கு முன் பிறந்த பிள்ளையென்றால் தந்தையின் பத்திரங்களையும் தேடி வைத்திருப்பது நல்லது.

இந்தியாவில் பிறந்ததால் பிள்ளை இந்தியப் பிரசைதானே என்று கேட்பவர்களும் உண்டு. 1987 ஜூலை 1 இற்கு முன்பு பிறந்தவர்களுக்கு அங்கே அந்த உரிமை இருந்தது. மண்டபம் முகாமில் 1986 இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்கும்படி மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2022 இல் உத்தரவிட்டது அதனால்தான். அந்தத் திகதிக்குப் பின் பிறந்த பிள்ளைக்கு அங்கே பிறந்தது மட்டும் போதாது. 2019 இன் இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையிலிருந்து சென்றவர்கள் சேர்க்கப்படவில்லை. எனவே இங்கும் பதியாத பிள்ளை இரண்டு நாட்டுக்கும் நடுவே நிற்கிறது.

இனிப் பத்திரங்களைப் பற்றி. பல வீடுகளில் குழப்பம் இங்கேதான். இந்தியப் பிறப்புச் சான்றிதழ் என்பது பிள்ளை எங்கே, எப்போது, யாருக்குப் பிறந்தது என்பதற்கான சாட்சி. தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து பெறும் சான்றிதழும் பிறப்புக்கான பத்திரமே. குடியுரிமைச் சான்றிதழ் இவை இரண்டிலும் வேறானது. தூதரகத்துப் பிறப்புப் பத்திரத்தைக் குடியுரிமைப் பத்திரமென்று நம்பிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கும் அம்மாமார் எத்தனையோ பேர். உங்கள் கையிலுள்ள தாளின் தலைப்பை ஒருதரம் வாசித்துப் பாருங்கள்.

விண்ணப்பத்துடன் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ்கள், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு ஆகியவை கேட்கப்படும். முகாமில் தந்த அகதிப் பதிவு அட்டையை எறிந்து விடாதீர்கள். நீங்கள் ஏன் வெளியே இருந்தீர்கள், ஏன் பிந்தினீர்கள் என்பதற்கு அதுவே ஆதாரம்.

பெயர்தான் பெரிய தலையிடி. தமிழ்நாட்டில் தகப்பன் பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டுப் பிள்ளையின் பெயரை எழுதுவார்கள். எங்களூரில் தகப்பன் பெயர் முழுவதும் வரும். படகால் இறங்கிய பதற்றத்தில் மண்டபத்தில் வீட்டுப் பெயரைச் சொன்னவர்கள், வயதைக் கூட்டியோ குறைத்தோ சொன்னவர்கள் உண்டு. அந்தப் பெயரே பின்னர் ஆஸ்பத்திரிப் பதிவிலும் பிள்ளையின் சான்றிதழிலும் ஏறிவிடும். பத்து வருடம் கழித்துப் பார்த்தால், பிள்ளையின் பத்திரத்திலுள்ள தாயும் அடையாள அட்டையிலுள்ள தாயும் வேறு வேறு ஆட்கள்! நாம் சந்தித்த மன்னார்த் தாய்க்கும் இதேதான். அவரது பெயர் ஊரில் ஒன்று, முகாமில் இன்னொன்று.

இன்னும் அங்கேயே இருக்கும் உறவுகளுக்கு இதை அறிவியுங்கள். இந்தியாவில் பிள்ளை பிறந்து 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிந்துவிட வேண்டும். ஒரு வருடம் கடந்தால் நிர்வாக நீதவானின் கட்டளை வரை போக வேண்டிவரும். பிள்ளைக்குப் பெயர் வைக்காமலே எடுத்த சான்றிதழ் என்றால் பெயரையும் சேர்ப்பியுங்கள். எழுத்துப் பிழைகளை அங்கே இருக்கும்போதே திருத்துங்கள். இங்கே வந்த பிறகு அங்குள்ள ஒரு அலுவலகத்தில் ஒரு எழுத்தை மாற்றுவது லேசான காரியமல்ல. அதன் பின் சென்னையிலுள்ள எமது துணை உயர்ஸ்தானிகராலயத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் மக்களுக்கு இந்த வேலையில் நெடுங்காலமாக உதவி வந்திருக்கிறது.

முகாமில் கோயிலில் தாலி கட்டி, விவாகத்தைப் பதியாமல் விட்டவர்களும் உளர். கணவன் உயிரோடு கூட இருந்தால் பதிவைப் பற்றிப் பதிவாளரிடம் கேட்டறியுங்கள். இல்லையென்றால் வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிட வேண்டாம். பிள்ளையின் உரிமை உங்கள் தாலியில் தொங்கவில்லை, உங்கள் பிறப்புப் பத்திரத்தில் இருக்கிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். "ஏன் இவ்வளவு அலைச்சல், இங்கேயே வீட்டில் பிறந்ததென்று காலங்கடந்த பதிவு போட்டுவிடுவோம்" என்று சில தரகர்கள் காசு வாங்குகிறார்கள். பொய்ப் பதிவு குற்றம். அதைவிட, அந்தப் பிள்ளைக்கு இந்தியாவில் ஒரு பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடப் பத்திரம் எல்லாம் வேறு திகதியில், வேறு பெயரில் இருக்கும். நாளை வெளிநாடு போகும்போதோ வேலைக்குப் போகும்போதோ இரண்டும் மோதும். அப்போது மாட்டிக்கொள்வது தரகரல்ல, பிள்ளை.

மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறி, அங்கிருந்து இந்தியா போனவர்களின் கதை இன்னும் நீளமானது. பெற்றோரே குடியுரிமை இல்லாதவர்களாக இருந்தால் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது? 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கியது. ஆனால் இலங்கையில் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்றது. போரினால் இந்தியா சென்றவர்கள் அதற்குள் அடங்கவில்லை. 2009 இல் செய்த திருத்தங்கள் அவர்களையும் உள்வாங்கின. இப்படியான குடும்பங்கள் முதலில் தாய் தகப்பனின் நிலையைச் சீர்செய்துகொண்டு பிள்ளையின் பதிவுக்குப் போக வேண்டும்.

நாட்டுக்குத் திரும்பியவர்கள் விண்ணப்பிக்க வேண்டிய இடம் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் குடியுரிமைப் பிரிவு. பிந்தியதற்கான காரணத்தை ஒரு கடிதத்தில் தெளிவாக எழுதி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலையும் இணைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் காலத்துக்குக் காலம் மாறும். மன்னாரிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ கொழும்புக்குப் போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும் என்பதால், எல்லாவற்றையும் பிரதேச செயலகத்தில் ஒருதரம் காட்டி, குறை இருக்கிறதா என்று கேட்ட பின்னரே பஸ் ஏறுங்கள். மூலப் பத்திரங்களைக் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். போட்டோப் பிரதி ஒரு தொகுதி வீட்டில் இருக்கட்டும்.

அந்த மன்னார்த் தாய் இரண்டு பெயரும் ஒரே ஆளே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, முகாம் அட்டையையும் சேர்த்து விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டார். மகள் இப்போது தையல் வகுப்புக்குப் போகிறாள். நாம் போன அன்று பற்றுச்சீட்டைப் பொலித்தீன் பைக்குள் போட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார்.