திறந்த புலி, பூட்டிய கார்

இயந்திரங்களைக் கழற்றி மாட்டுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களிடம் ஒரு புகார் இருக்கிறது. சாமான்கள் முன்னேறிவிட்டன, அவற்றை வாங்கியவர்தான் வெளியே நிறுத்தப்பட்டுவிட்டார்.

1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தானின் அரண்மனையில் புகுந்த பிரிட்டிஷார் இசை அறையில் ஒரு விசித்திரப் பொருளைக் கண்டார்கள். மல்லாந்து கிடக்கும் ஐரோப்பியன் ஒருவன் மேல் பாய்ந்து நிற்கும் மரப் புலி. பக்கவாட்டில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே துருத்திகள் இயங்கும். புலி உறுமும், மனிதன் அலறுவான், அவன் கை மேலும் கீழும் போய்வரும். புலியின் விலாவில் ஒரு மூடி. அதைத் திறந்தால் உள்ளே சின்ன ஆர்கன், வாசிப்பதற்குக் கட்டைகளுடன்.

லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்ட அந்தப் புலி இப்போது அங்குள்ள விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் கூரை இடிந்து விழுந்து அது சுக்குநூறானது. போர் முடிந்ததும் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து ஒட்டி மறுபடியும் நிறுத்திவிட்டார்கள். அப்படிச் செய்ய முடிந்ததற்குக் காரணம் எளிது. மரம், துருத்தி, குழாய், பற்சக்கரம் என்று அதில் இருந்த எல்லாமே திறந்து பார்த்தால் புரிகிற சமாச்சாரங்கள்.

திப்புவின் கோட்டையிலிருந்து சற்றுத் தள்ளி, பெங்களூர்-மைசூர் நெடுஞ்சாலையோரம் இன்னொரு இயந்திரக் காட்சி இருக்கிறது. தர்மஸ்தலாவின் தர்மாதிகாரி வீரேந்திர ஹெக்டே பல ஆண்டுகளாகச் சேர்த்த பழைய கார்களுக்கான அருங்காட்சியகம். பெயர் ‘பயண’, கன்னடத்தில் பயணம் என்றே பொருள். பழைய வண்டிப் பிரியர்களுக்கு இது கோயில் மாதிரி. பானெட்டைத் தூக்கினால் எது எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய கார்களின் காலம் அங்கே நிற்கிறது.

இந்தப் பிரியர்கள் விசித்திரமான ஜாதி. வங்கி ஊழியர், ஆசிரியர், ஓய்வுபெற்ற பொறியாளர் என்று எந்தத் தொழிலிலும் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கையில் ஸ்பேனரும் கிரீஸும். மின்விசிறியிலிருந்து மோட்டார் கார் வரை எதைப் பற்றியும் அசைக்க முடியாத அபிப்பிராயங்கள். அவற்றில் பாதி பழமை மோகம் என்று தள்ளிவிடலாம். மீதிப் பாதியைத் தள்ள முடியாது.

ஒரே லீவர், இரண்டு வேலை

மைசூர்ப் பக்கத்துப் பிரியர்களிடம் பேச்சு கடைசியில் ஜாவாவில்தான் போய் நிற்கும். செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா மோட்டார் சைக்கிள் 1961 முதல் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் தயாரானது. பின்னர் யெஸ்டி என்று பெயர் மாறியது. 1996இல் தொழிற்சாலை மூடப்பட்டது.

மற்ற வண்டிகளில் ஸ்டார்ட் செய்ய ஒரு லீவர், கியர் போட இன்னொன்று. ஜாவாவில் இரண்டுக்கும் ஒன்றே. பின்னால் மடக்கி உதைத்தால் எஞ்சின் கிளம்பும். முன்னுக்குக் கொண்டுவந்தால் அதுவே கியர் லீவர். அதை அழுத்தும்போது கிளட்சும் தானாக விடுபடும். குறைந்த உதிரிபாகத்தில் அதிக வேலை வாங்குவதுதான் நல்ல பொறியியல் என்று இவர்கள் சொல்லும்போது கைகாட்டுவது இந்த லீவரைத்தான்.

குறைகளும் உண்டு. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலுடன் ஆயிலையும் கலந்து எரிக்க வேண்டும். நீலப் புகை பின்னால் வருபவரின் மூக்கைத் துளைக்கும். மைலேஜில் ஜப்பானியக் கூட்டுத் தயாரிப்புகளான 100 சி.சி. வண்டிகள் அதை ஓரம் கட்டின. ஆனால் தொழிற்சாலை மூடி முப்பது ஆண்டு ஆகப்போகும் நிலையிலும் வண்டிகள் ஓடுகின்றன. தேவைப்படும் பாகத்தை லேத் பட்டறையில் கடைந்து எடுக்க முடிகிறது என்பதே காரணம். பெங்களூரிலிருந்து ஜாவாவில் ‘பயண’ பார்க்க வருகிறவர் மட்டும் சர்வீஸ் ரோட்டில்தான் வர வேண்டும். புதிய அதிவேகச் சாலையின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதியில்லை.

மூன்று சந்தேக நபர்கள்

அம்பாஸடரும் ஃபியட்டும் ஓடிய நாட்களில் கார் வழியில் நின்றால் சந்தேக நபர்கள் மூவர்: பெட்ரோல், காற்று, தீப்பொறி. பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்து, கிராங்க் செய்து, பொறி வருகிறதா என்று பார்ப்பார்கள். வராவிட்டால் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைத் திறந்து ‘பாயிண்ட்’டைப் பார்ப்பார்கள். ஒன்றையொன்று தொட்டுப் பிரியும் இரண்டு சிறு உலோக முனைகள் அவை. இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கரி பிடித்திருந்தால் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. பொறி வந்தும் வண்டி கிளம்பாவிட்டால் கார்புரேட்டரின் ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதுவார்கள். டிரைவருக்குத் தெரிந்த இந்த வைத்தியம் பெரும்பாலும் பலித்தது.

இந்த ஏற்பாடு ஏன் போனது? கம்பெனிகளின் சதி என்று சொல்பவர்கள் உண்டு. விஷயம் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய, 1 பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற கணக்கு ஏறக்குறைய எந்நேரமும் பிசகாமல் இருக்க வேண்டும். வெயில், மலையேற்றம், சுமை என்று நிலைமை மாறிக்கொண்டே இருக்கும்போது கார்புரேட்டரால் அந்தக் கணக்கைப் பிடித்து நிறுத்த முடியாது. புகைக்குழாயில் ஆக்சிஜனை அளக்கும் சென்சார், அதைப் படித்துப் பெட்ரோலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கம்ப்யூட்டர், பீய்ச்சும் இன்ஜெக்டர் மூன்றும் சேர்ந்தால்தான் முடியும். கன்வர்ட்டரை ஈயம் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் தேவைப்பட்டது. 1995இல் நான்கு பெருநகரங்களில் தொடங்கிய மாற்றம் 2000இல் நாடு முழுவதும் வந்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபோது புதிய மோட்டார் சைக்கிள்களிலும் கார்புரேட்டரின் கதை அநேகமாக முடிந்தது.

லாபம் கண்கூடு. குளிர்காலக் காலையில் சோக்கை இழுத்துக் கெஞ்ச வேண்டியதில்லை. பாயிண்ட் தேய்க்க வேண்டியதில்லை. குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் ஈயம் பெட்ரோல் புகையில் இல்லை. ஏ.பி.எஸ். பிரேக்கும் காற்றுப் பையும் இல்லாத காருக்குத் திரும்பிப்போக எந்த நிதானமான பிரியரும் கேட்பதில்லை.

விளக்கு எரிகிறது, விளக்கம் இல்லை

அவர்கள் கேட்பது வேறு. இன்றைய காரில் கோளாறு வந்தால் டாஷ்போர்டில் எஞ்சின் வடிவத்தில் மஞ்சள் விளக்கு எரியும். என்ன கோளாறு என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதை ஓட்டுகிறவரிடம் சொல்லாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஒரு சிறு கருவியைச் செருகிச் செல்போனில் பொதுவான கோளாறு எண்களைப் படித்துவிடலாம். அதற்கு மேல் போனால் கதவு சாத்தியிருக்கும். பல கார்களில் புதுச் சாவியைப் பழக்க, சில கார்களில் பேட்டரி மாற்றியதைப் பதிவு செய்யக்கூட, கம்பெனியின் சாஃப்ட்வேரோ அதற்கு ஈடான கருவியோ வேண்டும். சாலையோர மெக்கானிக்கிடம் திறமை இருக்கும், அனுமதி இருக்காது.

தொடுதிரை இன்னொரு மனத்தாங்கல். ஏ.சி.யைக் குறைக்க முன்பு ஒரு திருகு போதும். கண் சாலையில் இருக்க, கை தானே தேடிக்கொள்ளும். வழவழப்பான திரையில் விரலுக்கு வழி தெரியாது, கண்ணும் கூடவே போக வேண்டும். இது கிழவர்களின் முணுமுணுப்பு என்று நினைத்தவர்களுக்கு ஐரோப்பாவின் கார் பாதுகாப்புச் சோதனை அமைப்பான யூரோ என்கேப் பதில் சொல்லிவிட்டது. இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு போன்றவற்றுக்குத் தனி பட்டனோ லீவரோ இல்லாத கார்கள் 2026 முதல் அதன் சோதனையில் மதிப்பெண் இழக்கும்.

வீட்டுக்குள்ளும் இதே கதை. மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் குற்றவாளி கப்பாசிட்டர். சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும்; கரண்டை நிறுத்திவிட்டு மாற்றத் தெரிந்தால் பத்து நிமிட வேலை. புதிய பி.எல்.டி.சி. விசிறி அதே காற்றுக்குப் பாதி மின்சாரம்கூடக் கேட்பதில்லை: பழையது 75 வாட் என்றால் இது 30 வாட் பக்கம். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் உள்ளே உள்ள சர்க்யூட் பலகை போனால் முழுப் பலகையையும் மாற்ற வேண்டும். அதுவும் அந்தக் கம்பெனியின் பலகையாகவே இருக்க வேண்டும்.

எல்.இ.டி. பல்பு இன்னும் மோசம். ‘பல்பு போச்சு’ என்று தூக்கிப்போடும்போது உள்ளே உள்ள விளக்குப் புள்ளிகளில் பெரும்பாலானவை நன்றாகவே இருக்கும். சூட்டில் வெந்து செத்தது அவற்றுக்கு மின்சாரம் தரும் சிறு சர்க்யூட்டாக இருக்கலாம். ஆனால் மூடி ஒட்டப்பட்டிருக்கிறது. செல்போன் பேட்டரியும் அப்படியே. நகத்தால் மூடியைத் திறந்து பேட்டரி மாற்றிய காலம் போய், கோந்தை இளக்கச் சூடு காட்டும் காலம் வந்துவிட்டது. ஸ்க்ரூ போட வேண்டிய இடத்தில் கோந்து வந்ததுதான் பிரியர்களின் புகாரில் முதலாவது.

கழற்றியவர்கள் கண்டது

இது சில பொழுதுபோக்காளர்களின் அங்கலாய்ப்பு மட்டுமா? கழற்றிப் பார்க்க முடிந்ததால் என்னென்ன நடந்தது என்று பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிரிட்டிஷார் புலியோடு மைசூர் ராக்கெட்டுகளையும் கைப்பற்றினார்கள். மருந்தை இரும்புக் குழாயில் அடைத்ததால் அவை மற்ற ராக்கெட்டுகளைவிட அதிக தூரம் போயின. அவற்றில் சில இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தன. சில ஆண்டுகளுக்குள் வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டை உருவாக்கினார். மைசூர் ராக்கெட் இல்லாமல் காங்கிரீவ் ராக்கெட்டின் கதையை யாரும் எழுதுவதில்லை.

தமிழகத்துக்கு உதாரணம் கோயமுத்தூரின் ஜி.டி. நாயுடு. 1893இல் பிறந்தவர், பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் ஓட்டியதைவிடக் கழற்றிப் பார்த்ததே அதிகம் என்பார்கள். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸுடன் தொழில் தொடங்கினார். 1937இல் இந்தியாவின் முதல் மின் மோட்டார் கோவையில் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. மின் சவரக் கருவி செய்தார். 1952இல் 2,000 ரூபாய்க்கு இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் செய்தார். அரசு லைசென்ஸ் தராததால் தயாரிப்பு நின்றது. அவினாசி சாலையில் அவர் பெயரால் கார் அருங்காட்சியகமும் இருக்கிறது. இன்றைய பையன் ஒருவனுக்கு அதே ஆர்வம் இருந்தாலும் கையில் கிடைக்கும் சாமான் அவனுக்கு எதைக் காட்டும்? ஒட்டிய மூடியையும், ‘திறந்தால் உத்தரவாதம் செல்லாது’ என்ற ஸ்டிக்கரையும்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்தக் கேள்வி இந்தியாவில் நீதிப் படிகளையும் ஏறியிருக்கிறது. உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக 14 கார் கம்பெனிகள் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் விதித்த அபராதம் மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல். அவற்றை வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும், வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காக மட்டும் உத்தரவாதத்தை ரத்து செய்யக் கூடாது என்றும் ஆணையம் உத்தரவிட்டது. விவகாரம் மேல்முறையீடுகளுக்குப் போனது.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கும் அதன் எல்லைக்குள். அந்த ஆண்டு டிசம்பரில் இதற்கென ஓர் இணையதளமும் வந்தது. ஒரு பொருளை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று வாங்கும்போதே தெரிவிக்கும் குறியீடு வேண்டும் என்று இன்னொரு குழு 2025இல் பரிந்துரைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே போய், 2027 பிப்ரவரி முதல் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே மாற்றக்கூடியதாக வைக்க வேண்டும் என்று விதி செய்திருக்கிறது. சில விலக்குகள் உண்டு.

கம்பெனிகளின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அரைகுறையாகத் திறந்தால் மின்சாரக் காரின் பல நூறு வோல்ட் பேட்டரி ஆளைக் கொல்லும். பிரேக் கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம் என்றால் விபத்துக்கு யார் பொறுப்பு? ஆனால் இது பூட்டு எங்கே வேண்டும் என்பதற்கான வாதம். எங்கும் பூட்டுவதற்கானது அல்ல. பேட்டரிப் பெட்டிக்குப் பூட்டு தேவைதான். மஞ்சள் விளக்கின் அர்த்தத்துக்கு எதற்குப் பூட்டு?

பிரியர்களின் கோரிக்கை நீளமானது அல்ல. பழுதுபார்க்கும் கையேட்டைக் கொடுங்கள், உதிரிபாகத்தை விற்றுக்கொடுங்கள், கோளாறு எண்ணைச் சொல்லுங்கள், முடிந்த இடத்தில் கோந்துக்குப் பதில் ஸ்க்ரூ போடுங்கள். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ‘பயண’ போன்ற ஓர் இடத்தை வைத்து யோசிக்கலாம். ஐம்பது ஆண்டுக்குப் பின் இன்றைய கார் ஒன்றையும் அங்கே நிறுத்துவார்கள். 1950களின் கார் அப்போதும் ஒரு லேத்தும் பொறுமையான ஆளும் கிடைத்தால் உறுமிக் கிளம்பிவிடும். பக்கத்தில் நிற்கும் நம் கார், யாரும் தயாரிக்காத ஒரு சில்லுக்கும் யாருக்கும் தெரியாத ஒரு கடவுச்சொல்லுக்கும் காத்துக்கொண்டு, துடைத்து வைத்த தகரமாக நிற்கும்.