விளைக்கு ஒன்று, ஏலாவுக்கு வேறு

களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் போனால் நிலம் இரண்டு விதம். மேட்டில் ரப்பரும் மரச்சீனியும் நிற்கிற செம்மண் விளை. பள்ளத்தில் தண்ணீர் கட்டி நெல் நடுகிற ஏலா. இரண்டுக்கும் போடுவது ஒரே தொழு உரம்தான். ஆனால் மண்ணில் ஆர்செனிக் கலந்திருந்தால், அந்த உரம் மேட்டில் செய்கிற வேலை வேறு, பள்ளத்தில் செய்கிற வேலை வேறு. ‘சாணமும் நுண்ணுயிரும் போட்டால் விஷம் போய்விடும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஆர்செனிக் ஒரு தனிமம். எந்த நுண்ணுயிராலும் அதைத் தின்று தீர்க்க முடியாது. வடிவத்தை மாற்றலாம், இடத்தை மாற்றலாம், அவ்வளவுதான்.

செம்மண்ணுக்குச் சிவப்பைக் கொடுப்பது இரும்பு ஆக்சைடு. காற்றோட்டமுள்ள விளையில் ஆர்செனிக் பெரும்பாலும் அதில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். தண்ணீர் தேங்கிய ஏலாவில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அங்குள்ள சில பாக்டீரியாக்கள் சாணத்திலும் வைக்கோலிலும் உள்ள கார்பனை உண்டு, ஆக்சிஜனுக்குப் பதிலாக இரும்பைச் சுவாசிக்கும். இரும்பு கரைய, ஒட்டியிருந்த ஆர்செனிக்கும் தண்ணீரில் இறங்கும். நெல்வேர் சிலிக்கா எடுக்கிற அதே வழியாக அதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வங்காளத்தில் நடந்தது ஏறக்குறைய இதுதான். கைப்பம்புத் தண்ணீர் குடித்தவர்களின் தோலில் வந்த புள்ளிகளுக்கும் தடிப்புகளுக்கும் ஆர்செனிக்தான் காரணம் என்று 1983இல் கொல்கத்தா மருத்துவர் கே. சி. சாஹா கண்டார். அது தண்ணீருக்குள் எப்படி இறங்கியது என்று அறிய, மேற்கு வங்க வண்டலை எடுத்து, நுண்ணுயிருக்குத் தீனியாக அசிட்டேட் கலந்து பார்த்தார்கள் மான்செஸ்டர் ஆய்வாளர்கள். முதலில் இரும்பு உருமாறியது, பிறகு ஆர்செனிக் வெளியேறியது. 2004இல் ‘நேச்சர்’ இதழில் வந்த முடிவு இது. வயலை இடையிடையே காயவிட்டு நீர் பாய்ச்சினால் அரிசியில் ஆர்செனிக் குறைவதும், மண்ணுக்குள் காற்று போய் இரும்பு கரையாமல் நிற்பதால்தான்.

ஆர்செனிக்கை ஆவியாக்கி அனுப்புகிற நுண்ணுயிர்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சுவர்த்தாளுக்குப் பச்சை நிறம் தந்தது ஆர்செனிக் சாயம். ஈரச் சுவரில் பூஞ்சை படர்ந்தபோது பூண்டு நாற்றமுள்ள ஆர்செனிக் வாயு எழுந்ததை இத்தாலியின் பார்த்தலோமியோ கோசியோ ஆராய்ந்தார். ஆர்செனிக்கை ஆவியாக்கும் திறனுக்கான மரபணுவைப் பாக்டீரியாவில் புகுத்திச் சீன ஆய்வாளர்கள் 2011இல் மண்ணில் விட்டார்கள். 30 நாளில் வெளியேறியது 2.2 முதல் 4.5 சதவீதம். குறைவுதான். அதுவும் காற்றில்தானே கலக்கிறது?

எனக்கு நம்பிக்கை தருவது ஒரு பெரணி. பழைய சுண்ணாம்புச் சுவர் இடுக்குகளில் தானாக முளைக்கும். நீண்ட சிற்றிலையைத் திருப்பினால் இரு ஓரத்திலும் பழுப்புக் கோடாக வித்துத்தூள். டெரிஸ் விட்டாட்டா என்ற இந்தப் பெரணி, ஆர்செனிக் கலந்த மண்ணில் ஆறே வாரத்தில் உலர் இலை கிலோவுக்கு 22,630 மில்லிகிராம் வரை சேர்த்ததாக ஃபுளோரிடாவின் லீனா மாவும் குழுவினரும் 2001இல் அறிவித்தார்கள். விளையில் இதை நட்டு, இலையை அறுத்து அறுத்து அப்புறப்படுத்தலாம். பல வருடம் பிடிக்கும். அறுத்ததை ஆட்டுக்குப் போடக் கூடாது, எருக்குழியிலும் தள்ளக் கூடாது. தள்ளினால் அடுத்த போகத்துக்கு அதிலுள்ள ஆர்செனிக் உரத்தோடு ஏலாவுக்கே போய்ச் சேரும்.